குளிர்பெட்டியும் ஒரு களஞ்சியமே!



எகிப்து மன்னர் கண்ட கனவை நாம் அனைவரும் அறிவோம். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்றுவிட்ட அந்தக் கனவுக்குச் சிறையிலிருந்த யூசுப் நபி (அலை) அவர்கள் விளக்கம் தந்ததைத் திருமறையின் 12-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. செழிப்பான ஏழாண்டுகளில் விளைவதில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக, எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைக்கும்படி அவர்கள் அறிவுறுத்தினார்கள். இங்கே இரண்டு படிப்பினைகள் உள்ளன. வரப்போகும் நாளுக்காக இன்றே ஏற்பாடு செய்வது தவக்குலுக்கு மாறானதன்று என்பது ஒன்று. சேமிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பது மற்றொன்று.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குத் தேவையான உணவை ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த முன்னேற்பாட்டை நம் வீட்டு அடுப்படிக்கும் கொண்டுவந்தால், இன்று நம் சமுதாயத்தில் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட சர்க்கரை நோயை எதிர்கொள்ள அது எவ்வாறு துணைபுரியும் என்பதையே இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

நம் தட்டில் இருப்பது என்ன?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ளது ஏரியூர். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அருகிலுள்ள நாகமரையைத் தொட்டு நிற்கின்றது. நீர் அவ்வளவு அருகில் இருந்தும், இது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும், கொள்ளும் அவரையும் விளைகின்ற மண். நம் பாட்டனார் காலத்தில் களியும் கீரையும் உண்டார்கள். பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடித்தார்கள். உண்ட மாவுச்சத்து உழைப்பில் எரிந்து போயிற்று.

இன்று நிலை என்ன? காலையில் இட்லி அல்லது தோசை, நண்பகலில் சோறு, இரவில் மீண்டும் சோறு அல்லது பரோட்டா, இடையிடையே சர்க்கரை கலந்த தேநீரும் பிஸ்கட்டும். பெயர்கள் பல, பொருளோ ஒன்றுதான். அனைத்தும் மாவுச்சத்து! உழைப்போ, இரு சக்கர வாகனத்தில் ஏறி அமர்ந்துவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இதே ஆய்வுக் குழுவினர் 18,090 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2022-இல் மற்றொரு கணக்கை வெளியிட்டனர். புதிதாக நோய் கண்டவர்கள் தம் உணவின் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதத்திற்குக் குறைத்து, புரதத்தின் பங்கை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்தினால், நோய் தணிந்த நிலைக்குத் திரும்ப வாய்ப்புண்டு என்று அக்கணக்கு காட்டியது.

கவனியுங்கள்! சோற்றை அறவே விலக்குமாறு இவ்வறிஞர்கள் சொல்லவில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தைப் பருப்பாலும் முட்டையாலும் மீனாலும் காய்கறியாலும் நிரப்புமாறே சொல்கிறார்கள்.

களி பற்றிய ஒரு தவறான எண்ணம்

நம் பகுதியில் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். "சர்க்கரைக்காரருக்குக் களி எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம்" என்பதே அது. என் தாயாருக்கு நோய் இருப்பது தெரிந்தபோது நாங்களும் அவ்வாறுதான் நினைத்தோம். சோற்றை நிறுத்தினோம், இரு வேளையும் பெரிய உருண்டைக் களியைத் தட்டில் வைத்தோம். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சர்க்கரை சிறிதும் இறங்கவில்லை.

காரணம் எளிது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 67 கிராம் உண்டு. சாமையிலும் ஏறத்தாழ அதே அளவுதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி என்பது உண்மை. அரிசியைவிட அது மேலானது என்பதும் உண்மை. ஆனால் அளவின்றி உண்ணத்தக்க மருந்து அதுவன்று. தானியத்தை மாற்றினோம், அளவை மாற்றவில்லை. தவறு களியில் இல்லை, எங்களிடம் இருந்தது.

சோறு ஏன் மிகுகிறது?

அதன்பிறகே என் தாயார் உண்ணும் முறையை நான் உற்றுக் கவனித்தேன். வீட்டில் அனைவரும் உண்டு முடித்த பின்னர்தான் அவர்கள் அமர்வார்கள். அப்போது சட்டியில் கறித் துண்டுகள் இருக்காது, பொரியல் தீர்ந்திருக்கும். பானையில் சோறு மட்டும் இருக்கும். அதில் மிஞ்சிய ஆணத்தை ஊற்றிப் பிசைந்து வயிறு நிறைய உண்பார்கள். "எனக்கு இது போதும்" என்பார்கள். சோற்றின் மீதுள்ள ஆசையால் அவர்கள் அவ்வாறு உண்ணவில்லை. உண்பதற்கு வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை.

சகோதரிகளே! உங்கள் இல்லத்தையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சோறு வடிப்பது எளிது. குக்கரில் வைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் ஆகிவிடும். ஆனால் வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு அரைத்து, கறியைக் கழுவி, காயை நறுக்கி, வதக்கி இறக்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பிய பெண் எதைச் செய்வாள்? சோற்றை மிகுதியாக ஆக்கி, தொடுகறியைக் குறைத்துவிடுவாள். அல்லது மாவு இருக்கிறதே என்று தோசை வார்த்துவிடுவாள். நோயாளிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியல் சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

எனவே, சோற்றைக் குறைக்கும் வழி சோற்றுப் பானையில் இல்லை. கறிச் சட்டியில் இருக்கின்றது. கறியும் காயும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தால், சோறு தானாகவே குறையும். இதற்குத்தான் குளிர்சாதனப் பெட்டியின் மேலறையாகிய ஃபிரீசர் நமக்குப் பயன்பட வேண்டும்.

குர்பானி கற்றுத் தரும் பாடம்

நம் இல்லங்களில் ஃபிரீசர் நிறைவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, ஹஜ்ஜுப் பெருநாளில்தான். அதற்கு முன்பு, இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டம் போட்டார்கள் நம் மூதாட்டிகள்.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலும் ஆட்டுக் காலை எடுத்துவைத்துப் பதினைந்து நாள் கழித்து உண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் உள்ளது. ஆயினும் ஓராண்டு, குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். மறு ஆண்டு மக்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, சென்ற ஆண்டு வறுமையுற்ற மக்கள் மதீனாவுக்கு வந்திருந்த காரணத்தாலேயே தடுத்ததாக விளக்கி, இனி உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதி அளித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள இச்செய்தி நமக்கு ஓர் எல்லையை வகுத்துத் தருகின்றது. சேமிப்பது ஆகும், ஏழையின் பங்கைப் பெட்டிக்குள் பூட்டுவது ஆகாது. இந்த எல்லையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு நாள் உழைப்பு, ஒரு வார உணவு

ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஃபிரீசர் சிறியது. பெரிய உறைபெட்டியைப் போன்ற கடுங்குளிரும் அதில் இருப்பதில்லை. ஆகவே ஒரு மாதத்திற்குச் சமைத்து அடுக்க முயல வேண்டாம். ஒரு வாரத்திற்குப் போதும். ஐவர் உள்ள குடும்பத்திற்கு ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் செய்யத்தக்கவற்றைக் கீழே தருகிறேன். உங்கள் வசதிக்கும் வருவாய்க்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அடிப்படை மசாலா. 2 கிலோ வெங்காயம், 1 கிலோ தக்காளி, இஞ்சியும் பூண்டும் தலா 100 கிராம். எண்ணெயில் நன்கு வதக்கி, மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து, நீர் சுண்டும்வரை கிளறி இறக்குங்கள். ஆறியபின் ஆறு சிறிய டப்பாக்களில் பிரித்து வையுங்கள். வேறொன்றும் செய்ய இயலாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். அன்றாடச் சமையலின் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். முட்டைக் குழம்போ காய்க் குருமாவோ இருபது நிமிடத்தில் ஆயத்தமாகிவிடும்.

இரண்டாவது, கைமாவும் முட்டைக்கோசும். முக்கால் கிலோ கைமாவை மசாலாவில் வேகவைத்து, பொடியாக அரிந்த முட்டைக்கோசை அரை வேக்காட்டில் சேர்த்து இறக்குங்கள். உருளைக்கிழங்கு வேண்டாம். அது மாவுச்சத்து என்பது மட்டுமன்று, உறைந்து இளகினால் மணல் போலாகிவிடும்.

மூன்றாவது, கோழியும் கீரையும். 1 கிலோ கோழியை மசாலாவில் வேகவைத்து, கடைந்த அரைக்கீரையை அதில் கலந்து கொதிக்க வையுங்கள். ஆணம் கெட்டியாக இருக்கும். சோளமாவோ தேங்காய்ப் பாலோ தேவையில்லை.

நான்காவது, சுரைக்காய்த் தால்சா. வழக்கமாகப் பருப்பு மிகுதியாகவும் காய் குறைவாகவும் இருக்கும். இங்கே அதைத் திருப்பிப் போடுங்கள். 200 கிராம் கடலைப் பருப்புக்கு ஒன்றரைக் கிலோ சுரைக்காயும் கத்தரிக்காயும், அரைக்கிலோ எலும்புக் கறியும் சேருங்கள். பருப்பில் புரதம் இருப்பது போலவே மாவுச்சத்தும் உண்டு என்பதை மறக்கலாகாது.

ஐந்தாவது, மீன். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கெண்டை நம் பகுதியில் புதிதாகவே கிடைக்கும். 1 கிலோ மீனைத் துண்டாக்கிக் கழுவி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு பரப்பி உறைய வையுங்கள். கல்லாக உறைந்தபின் ஒரே பையில் போட்டுவிடலாம். வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு வாட்டிக்கொள்ளலாம்.

ஆறாவது, காய்கள். பீன்ஸ், அவரை, காலிஃபிளவர் ஆகியவற்றை நறுக்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் இட்டு, வடியவிட்டு உறைய வையுங்கள். இவ்வாறு செய்யாமல் பச்சையாகவே வைத்தால், காயினுள் உள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். காலிஃபிளவரைத் துருவி வைத்துக்கொண்டால், சோற்றில் பாதிக்குப் பதிலாக அதை வதக்கிக் கலந்து பரிமாறலாம்.

இறைச்சி நாள்தோறும் வாங்க இயலாத இல்லங்கள் பல என்பதை நான் அறிவேன். முட்டை இருக்கின்றது, நம் மண்ணில் விளையும் கொள்ளும் இருக்கின்றது. அவித்த கொள்ளைச் சிறு டப்பாக்களில் உறைய வைத்துக்கொண்டால், வேண்டியபோது ரசமாகவும் சுண்டலாகவும் ஆக்கிக்கொள்ளலாம். அதிலும் பருப்பைப் போலவே மாவுச்சத்து உண்டாதலால், ஒரு கரண்டி அளவோடு நிறுத்திக்கொள்வது நலம். முட்டையை மட்டும் அவித்து உறைய வைக்காதீர்கள். வெள்ளைக்கரு ரப்பரைப் போலாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஃபிரீசரில் வைத்த உணவில் கிருமிகள் மடிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவை மடிவதில்லை, உறங்குகின்றன. வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்கின்றன. ஆகவே சில ஒழுங்குகள் கட்டாயம்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்திற்குள் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அகன்ற பாத்திரத்தில் பரப்பி, அதைக் குளிர்ந்த நீருள்ள தாம்பாளத்தில் வைத்தால் விரைவில் ஆறும். கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் அருகிலுள்ள பிற உணவுகளும் சூடேறிக் கெடும்.

ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவே ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. ஆணம் உறையும்போது விரியுமாதலால் டப்பாவின் விளிம்பிலிருந்து அரை அங்குலம் குறைத்தே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும். இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், மகிழ்வோடு செய்வார்கள்.

இளக வைப்பதற்கு முதல் நாள் இரவே டப்பாவைப் பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடுப்படி மேடையில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். அவசரமெனில் சிறிது நீர் சேர்த்து நேரடியாக அடுப்பிலேற்றி, நடுப்பகுதிவரை நன்கு கொதிக்கச் செய்யுங்கள். தேங்காய்ப் பால், தயிர், மல்லித்தழை ஆகியவற்றை இறக்கும் தறுவாயில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பே சேர்த்தால் பாலும் தயிரும் திரிந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் ஃபிரீசரைத் திறக்கவே திறக்காதீர்கள். ஒரு குவளை நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை எப்போதும் வைத்திருங்கள். வெளியூர் சென்று திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் நலம். அது குவளையின் அடியில் உறைந்து கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கின்றது என்று பொருள். அந்த உணவை உண்ண வேண்டாம்.

பரிமாறும் முறை

நோயாளிக்குத் தனிச் சமையல் என்பது அவரைத் தனிமைப்படுத்துவதாகும். ஒரே சட்டி, ஒரே விரிப்பு, ஒரே உணவு. அளவு மட்டுமே வேறு. தட்டின் பாதியைக் காயும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கில் கறியோ மீனோ முட்டையோ இருக்கட்டும். எஞ்சிய கால் பங்கில் சோறோ களியோ வைக்கலாம். சர்க்கரை உள்ளவர் முதலில் காயையும் கறியையும் உண்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வருவது நல்லது.

ஒரு கப் சோற்றில் 40 முதல் 45 கிராம் மாவுச்சத்து உள்ளது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவாக உண்பதையே மருத்துவ உலகம் பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவு என்கின்றது. நண்பகலில் ஒரே அமர்வில் மூன்று கப் சோறு உண்பவர், அந்த ஒரு வேளையிலேயே அன்றைய எல்லையை ஏறத்தாழ எட்டிவிடுகிறார் என்பதை இதிலிருந்து உணரலாம்.

வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கும் இத்தகைய கட்டுப்பாடு வேண்டாம். அவர்கள் வழக்கம்போல் சோறு உண்ணட்டும். கறியும் காயும் கூடுதலாகக் கிடைப்பது அவர்களுக்கும் நன்மையே.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரிடம் கூறாமல் திடீரென்று சோற்றைக் குறைக்கலாகாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்பத் தரப்பட்டது. உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் உண்டாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை கொண்டுவருபவரிடமே உணவை மாற்றவிருப்பதைச் சொல்லி, மருத்துவரின் கருத்தைக் கேட்டுப் பெறலாம்.

நோன்பு மாதத்தில்

இம்முறையின் முழுப் பயனும் ரமளானில்தான் விளங்கும். ஸஹருக்கு எழும் பெண் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டியுள்ளது. டப்பாவில் கறி ஆயத்தமாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் தஹஜ்ஜுதுக்குக் கிடைக்குமல்லவா?

நம் இல்லங்களில் ரமளானுக்காக ஏதேனும் முன்கூட்டிச் செய்து உறைய வைக்கப்படுகின்றது என்றால், அது பெரும்பாலும் சமோசாவும் ரோலுமே. மைதாவும் எண்ணெயும்! உள்ளே வைக்கும் அதே கைமாவைக் கோளா உருண்டையாக உருட்டி வைத்து, இஃப்தாருக்குத் தோசைக்கல்லில் வாட்டி எடுக்கலாமே! பள்ளிவாசலில் தரும் நோன்புக் கஞ்சியை ஒரு சிறு குவளையோடு நிறுத்தி, அடுத்து ஒரு துண்டு மீனும் ஒரு கிண்ணம் காயும் உண்டால், மஃக்ரிபுக்குப் பின் வரும் அயர்வு தராவீஹ் வரை நீளாது.

2001-இல் 13 நாடுகளில் 12,243 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ரமளான் மாதத்தில் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலை மற்ற மாதங்களைவிடப் பன்மடங்கு கூடியிருந்தது தெரியவந்தது. ஆகவே நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மருந்தை எந்நேரத்தில் எவ்வளவு எடுப்பது என்பதைக் கேட்டறிய வேண்டும். நோயாளிக்கு இறைவன் சலுகை அளித்திருக்கின்றான். அச்சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே.

ஆண்களுக்கு ஒரு சொல்

இவற்றை எல்லாம் படித்துவிட்டு இதழை மனைவியின் கையில் கொடுத்து, "பார், எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அகல்வது ஆண்களுக்கு எளிது. நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் உதவுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். சந்தைக்குச் சென்று வருவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. 2 கிலோ வெங்காயம் உரிப்பதும், மீன் கழுவுவதும், டப்பா துலக்குவதும் ஆண்களுக்கு ஆகாத பணிகள் அல்ல. அந்த முற்பகல் குடும்பம் முழுவதற்கும் உரியதாகட்டும். இல்லாவிடில் ஏழு நாள் சுமையை ஒரே நாளில் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிய பாவமே மிஞ்சும்.

மேலும், சட்டியிலிருந்து முதல் பங்கைச் சமைத்தவளுக்காக எடுத்து மூடி வையுங்கள். என் தாயாரின் தட்டு மாறியது அன்றைக்குத்தான். அவர்களுக்கென்று பெயர் எழுதிய டப்பா பெட்டியில் இருந்தது. கடைசியில் அமர்ந்தபோதும் அதில் கறி இருந்தது, கீரை இருந்தது. சோறு இரண்டு கரண்டியோடு நின்றது. அல்ஹம்துலில்லாஹ், மருத்துவரின் ஆலோசனையோடு இம்முறையைத் தொடர்ந்ததில் அவர்களுடைய சர்க்கரை படிப்படியாகக் கட்டுக்குள் வந்தது.

ஒரு டப்பா அடுத்த வீட்டுக்கு

குளிர்சாதனப் பெட்டி இல்லாத இல்லங்களும் நம் தெருவில் உண்டு. அவர்களுடைய டப்பா இரண்டை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ள இடம் தருவது பெரிய உதவி. ஆணத்தில் நீரைக் கூட்டியாவது அயலாரை நினைவுகூருமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுரை பகர்ந்தார்கள். ஒவ்வொரு வாரமும் சமைக்கும்போது ஒரு டப்பாவை அயலாருக்கென்று ஒதுக்குங்கள். பிள்ளை பெற்ற வீடு, நோயாளி உள்ள வீடு, துணையின்றி முதியவர் வாழும் வீடு என்று அது சென்றடைய வேண்டிய இடம் ஏதேனும் ஒன்று இருந்தே தீரும். பெட்டியைத் திறக்கும்போது அந்த டப்பா இன்னும் அங்கேயே இருந்தால், நாம் இன்னும் யாரையோ மறந்திருக்கிறோம் என்று உணர்வோம்.

யூசுப் (அலை) அவர்களின் களஞ்சியம் தம் நாட்டாரின் பசியை மட்டும் ஆற்றவில்லை. கன்ஆனிலிருந்து வந்த சகோதரர்களுக்கும் அது திறந்தது. நம் வீட்டுச் சிறு களஞ்சியமும் அவ்வாறே திறக்கட்டும்!

உடல் நலமும் உள்ள நலமும், பகிர்ந்துண்ணும் பண்பும் நம் அனைவருக்கும் வாய்க்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.